ஐந்து நாள் மழை, ஐந்து கிலோ பை

மழைக்காலப் பயணத்துக்குக் கட்டிய பை ஏன் கனக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், மழைக்கான பொருள் அதில் அதிகம் இருக்காது. நனைந்தால் மாற்றிக்கொள்ள என்று நாலாவது சட்டை, அதுவும் நனைந்தால் என்று ஐந்தாவது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜீன்ஸ், குளிருமே என்று தடியான ஸ்வெட்டர். பைக்குள் தண்ணீர் இறங்கினால் இவை அத்தனையும் சேர்ந்துதான் நனையும். அப்புறம் பத்து ஈர உருப்படியைச் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

எடையைக் குறைக்கும் வழியும் மழையைச் சமாளிக்கும் வழியும் ஒன்றேதான். நனையவே கூடாதது எது, நனைந்தால் போகட்டும் என்று விடக்கூடியது எது என்று வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். முதல் வகையைக் குறைத்துக் கெட்டியாகப் பாதுகாக்க வேண்டும். இரண்டாவது வகையை, நனைந்தாலும் ஒரு ராத்திரியில் காயும் துணியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இங்கே சொல்லும் கணக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை, நீலகிரி, வயநாடு, மூணாறு பக்கம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஐந்து நாள் போய்வர. தண்ணீர் நிரப்பாமல் பை ஐந்து கிலோவுக்குள் நிற்கும். பத்து நாள் போனாலும் இதே பைதான், சோப்பு மட்டும் கொஞ்சம் கூட.

முதலில், எந்த மழை?

மழை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பை கட்ட முடியாது. தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூன், ஜூலையில் அடிப்பது சாரல். துளி சின்னது, ஆனால் காற்றோடு பக்கவாட்டில் வரும். குடை தலையைக் காப்பாற்றும், இடுப்புக்குக் கீழே காப்பாற்றாது. நடுநடுவே வெயிலும் வருவதால் துணி காய்ந்துவிடும். வால்பாறை, தேவாலா, மூணாறில் ஜூலையில் பெய்வது அடைமழை. நாள் கணக்கில் விடாது, காற்றிலேயே ஈரம் நிற்கும், கூரைக்கு அடியில் கொடியில் போட்ட துணி மறுநாள் போட்டபடியே சில்லென்று இருக்கும். ஏப்ரல், மே மாதத்து இடிமழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஒரு டீக்கடையில் ஒதுங்கினால் தீர்ந்தது, அதற்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சென்னை, கடலூர், நாகை பக்கம் போகிறவர்களுக்குக் குளிரை விடத் தெருவில் தேங்கும் தண்ணீர்தான் பிரச்சினை. அவர்கள் ஸ்வெட்டரை விட்டுவிட்டுக் காலணியில் கவனம் வைக்கலாம்.

இந்த நாலில் பையைச் சோதிப்பது அடைமழை. அதற்குத் தயாரானால் மற்றவற்றுக்கும் அதுவே போதும்.

மூன்று செட், அதற்கு மேல் வேண்டாம்

உடம்பில் ஒன்று, பையில் நடக்கிற செட் இன்னொன்று, தூங்குகிற செட் ஒன்று. அவ்வளவுதான்.

நடக்கிற செட் இரண்டும் பாலியஸ்டர் அல்லது நைலான். ஜிம்முக்கும் கிரிக்கெட்டுக்கும் போடுகிற மெல்லிய டி-ஷர்ட் சரியாக இருக்கும், எடை 150 கிராம். பேன்ட் மெல்லிய நைலான் டிராக், 300 கிராமுக்குள். பெண்களுக்குச் சிந்தெடிக் குர்தாவும், கணுக்காலோடு நிற்கிற ஒட்டிய பேன்ட்டும் நல்லது. பட்டியாலா, பலாஸோ மாதிரி அகலமான கால் உள்ளவை தரையில் இருக்கும் தண்ணீரைத் திரி மாதிரி முழங்கால் வரை உறிஞ்சி ஏற்றும். கோயிலுக்குப் போகவேண்டி இருக்கிறது, சேலைதான் வேண்டும் என்றால் ஜார்ஜெட், ஷிபான் வகை எடுக்கலாம். ஆனால் உள்பாவாடை பருத்தியாக இருந்தால் சேலை காய்ந்த பிறகும் அது காயாது. பேட் வைத்த பிராவும் அப்படித்தான், மலையில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் நிற்கும்.

ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடலாம். காய்ந்திருக்கும்போதே அரைக்கிலோவுக்கு மேல். நனைந்தால் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். அடைமழையில் மூன்று நாள் போட்டாலும் இடுப்புப் பட்டையிலும் பாக்கெட் மடிப்பிலும் ஈரம் போகாது, நாலாம் நாள் நாற்றம் தொடங்கும்.

தூங்குகிற செட் மட்டும் பருத்தியாக இருக்கலாம். ஒரு பனியன் துணி டி-ஷர்ட், ஒரு லுங்கி அல்லது நைட்டி, ஒரு ஜோடி சாக்ஸ். நனையவே கூடாத வகையில் முதல் பொருள் இதுதான். பகலில் எவ்வளவு நனைந்தாலும் இதைத் தொடக்கூடாது. காலையில் நேற்றைய சட்டை இன்னும் லேசாக ஈரமாக இருக்கும். சரி, கொஞ்ச நேரம் மட்டும் காய்ந்ததைப் போட்டுக்கொள்வோம் என்று கை இதற்குப் போகும். அங்கேதான் எல்லாம் கெடும். வெளியே காலடி வைத்த பத்தாவது நிமிடம் இதுவும் நனைந்திருக்கும், ராத்திரி போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஈரச் சட்டையை மாட்டிக்கொள்ளும் முதல் இரண்டு நிமிடம்தான் கொடுமை. நடக்கத் தொடங்கினால் உடம்புச் சூட்டிலேயே அது காயத் தொடங்கிவிடும்.

ஊட்டியில் ஜூலை இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகும். அதற்கு 300 கிராமில் ஒரு மெல்லிய ஃப்ளீஸ் போதும். கம்பளி ஸ்வெட்டர் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும் என்பது உண்மைதான், ஆனால் காய்வதற்குள் பயணமே முடிந்துவிடும். ஃப்ளீஸை உதறினாலே பாதித் தண்ணீர் போய்விடும்.

துண்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் அரைக்கிலோவை அநியாயமாகச் சுமக்கிறார்கள். தேங்காய்ப்பூ துண்டு மழைக்காலத்தில் ஒரு தடவை நனைந்தால் பிறகு காயவே காயாது. ஈரிழைத் துண்டு, கேரளத்துக் கடைகளில் கிடைக்கும் தோர்த்து, இரண்டுமே ஏறத்தாழ 150 கிராம்தான். துடைத்துப் பிழிந்து மறுபடி துடைக்கலாம், மின்விசிறிக்கு அடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும்.

பைக்குள் ஒரு பை

பைக்கு மேலே மாட்டுகிற மழை உறையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உறை வெளிப்பக்கத்தை மட்டும் மூடும். முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே இருக்கும். தலையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வழியும் தண்ணீர் முதுகு வழியாக இறங்கித் தோள்பட்டை வார் தைத்த இடத்தில் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் உறையின் அடியில் குட்டையாகத் தேங்கும். பையின் அடிப்பாகம் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். நல்ல உறைகளில் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள், அது ஓட்டை உடைசல் என்று நினைத்து டேப் ஒட்டிவிடாதீர்கள். காற்று பலமாக அடித்தால் உறை பாய்மரம் மாதிரி உப்பிப் பறந்தும்விடும்.

நம்பக்கூடியது உள்ளுறை. பைக்குள் ஒரு பெரிய, கெட்டியான பிளாஸ்டிக் கவரை விரித்து, அதற்குள் துணிகளை வைத்துக் கட்டுவது. வெளிப்பை தொப்பலாக நனைந்தாலும் கவலை இல்லை. குப்பைக் கூடைக்குப் போடுகிற கறுப்புக் கவர் இதற்கு ஆகாது, இரண்டாம் நாளே ஜிப்பில் மாட்டிக் கிழியும். பேக்கிங் சாமான் விற்கிற கடையில் 24க்கு 36 இன்ச் கவர், 400 கேஜ் என்று கேளுங்கள். 400 கேஜ் என்றால் ஏறத்தாழ 100 மைக்ரான். ஒரு கவர் 100 கிராம் இருக்கும். 28 முதல் 30 லிட்டர் பைக்கு இந்த அளவில் மேலே முறுக்கிக் கட்டவும் நீளம் மிஞ்சும். ஒன்றை ஒரு மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்திப் போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. நீலகிரிக்குள் நுழையும் சோதனைச் சாவடிகளில் கேரி பேக்கையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஐந்தாறு மெல்லிய கேரி பேக்கில் துணியைச் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். தண்ணீருக்கு எஃகு பாட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுவதில்தான் சூட்சுமம். கவரின் வாயை வெறுமனே மடித்துச் செருகினால் தண்ணீர் மடிப்பு வழியாக ஊறி இறங்கும். துணியை வைத்த பிறகு முழங்கையால் மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வாயை ஒன்றாகக் கூட்டி, ஈரத்துணி பிழிகிற மாதிரி ஐந்தாறு முறுக்கு முறுக்குங்கள். முறுக்கிய கழுத்தை வாத்துக் கழுத்து போல ஒரு வளை வளைத்துக் கீழ்நோக்கி மடித்து, இரண்டையும் சேர்த்து ரப்பர் வளையம் போடுங்கள். கடையில் விற்கும் ரப்பர் பேண்டு அறுந்துபோகும். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டால் தருவார்கள். அதை விரல் அகலத்துக்கு நறுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு வளையம். இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டால் அசையாது. கூடுதலாக இரண்டு வளையம் பையில் கிடக்கட்டும், எடை தெரியாது.

அடுக்கும் வரிசை இப்படி: உள்ளுறையின் அடியில் தூங்குகிற செட்டும் ஃப்ளீஸும். அதன் மேல் நடக்கிற செட், உள்ளாடை, சாக்ஸ். மேலாக மின்சாதனங்கள், அவை தனி ஜிப் லாக் கவரில். உள்ளுறைக்கு வெளியே, பையின் அடியில் செருப்பு. மேலே குடை, மழைக்கோட்டு, சோப்புப் பை, ஈரத்துண்டு. ஈரமானது எதுவும் உள்ளுறைக்குள் போகவே கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு ஈரச் சாக்ஸ் உள்ளே போனால் போதும். மூடிய கவருக்குள் அந்த ஈரம் ஆவியாகி மற்ற துணிகளில்தான் இறங்கும், மழை வெளியே பெய்கிறதா உள்ளே பெய்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சோதனை. உள்ளுறைக்குள் துணிக்குப் பதில் கசக்கிய நியூஸ் பேப்பரை நிரப்பிக் கட்டி, பையை மூடி, குளியலறை ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். திறந்து பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே தவறு. கழுத்துப் பக்கம் என்றால் முறுக்குப் போதவில்லை, அடியில் என்றால் கவரில் ஓட்டை.

பஸ்ஸில் பையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மலை ஏறும்போது தரையில் சேர்ந்த தண்ணீர் பின்னோக்கி ஓடும், இறங்கும்போது முன்னோக்கி வரும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதனால் பக்கவாட்டிலும் அலையும். தரையில் வைத்த பை எல்லாப் பக்கமும் ஊறும். ஜன்னல் ஷட்டரை இறக்கினாலும் இடுக்கு வழியாகக் கோடு போட்ட மாதிரி தண்ணீர் வடியும், ஆகவே ஷட்டர் ஓரத்து இருக்கையும் வேண்டாம். மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்குப் பை சின்னதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குடையா, கோட்டா?

இரண்டும். ஆனால் இரண்டிலும் எடை குறைந்தது.

அடைமழையில், காற்று இல்லாதபோது, குடைக்கு ஈடு எதுவும் இல்லை. உள்ளே வேர்க்காது, முகம் நனையாது, போனை எடுத்துப் பார்க்கலாம், பஸ் ஏறும்போது ஒரு நொடியில் மடக்கலாம். மூன்று மடிப்புக் குடை 350 கிராம். கம்பி எட்டுக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். காற்றுக்குத் திருப்பிக்கொண்டால் பதறி இழுக்காமல், அப்படியே காற்றடிக்கும் திசைக்கு நேராகப் பிடித்தால் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். திறந்த புல்வெளி மேட்டில் இடி இடிக்கும்போது குடையை மடக்கிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

சாரலுக்கும் காற்றுக்கும் போஞ்சோ, அதாவது தலையோடு சேர்த்துப் பையையும் மூடுகிற தொளதொள அங்கி. 300 கிராம். நடக்கும்போது அடியிலிருந்து காற்று வரும், வேர்வை குறைவு. பையின் முதுகுப் பக்கத்தையும் அது மூடிவிடுவதால் மேலே சொன்ன ஒழுகல் இல்லை. பேன்ட்டும் கோட்டுமாக விற்கிற மழை உடை முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு மட்டும் அதுதான் சரி. அவர்கள் போஞ்சோ போடவே கூடாது, காற்றில் படபடத்துச் சக்கரத்திலோ செயினிலோ மாட்டும். பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதும் உயிருக்கு உலை.

உள்ளே வேர்வை போக வழிவிடும் என்று அதிக விலைக்கு விற்கும் ஜாக்கெட்டுகள் குளிர் நாடுகளில் நன்றாக வேலை செய்யும். உள்ளே இருப்பதை விட வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் வேர்வை வெளியே போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலையில் வெளியிலும் அதே ஈரம். அந்தப் பணத்துக்கு நல்ல காலணி வாங்கலாம்.

கால்

மழையில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கால்தான். தோல் ஷூ வேண்டாம். தண்ணீர் புகாத ஷூவும் வேண்டாம், மேல் விளிம்பு வழியாக ஒரு தடவை தண்ணீர் போய்விட்டால் அதே கெட்டித்தனத்தால் வெளியே வராது. பின்வார் உள்ள ரப்பர் அல்லது சிந்தெடிக் சாண்டல் ஒன்று போட்டுக்கொண்டு, பையில் ஹவாய் செருப்பு ஒன்று வையுங்கள். ஹவாய் அறைக்கும் குளியலறைக்கும் மட்டும். அதைப் போட்டுத் தெருவில் நடந்தால் பின்னால் சேறு அடித்துப் பேன்ட் முழுக்கப் புள்ளிக் கோலம்.

காட்டுப் பாதையில் நடப்பதாக இருந்தால் துணி ஷூ வேண்டும். அது நனையத்தான் செய்யும். ராத்திரி உள்தகட்டை உருவி வெளியே வைத்து, ஷூவுக்குள் நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஈரத்தைக் குடித்துவிடும். எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி புதுப் பேப்பர். தூங்குவதற்கு முன் மூன்றாவது தடவை. ஒரே பேப்பரை விடிய விடிய வைத்தால் அது ஷூவைக் காயவைப்பதை விட்டு ஈரமாகவே வைத்திருக்கும். சூடான அடுப்பு ஓரத்தில் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுக்கொள்ளும்.

நடக்கும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவினால் தோல் ஊறி வெளுப்பது தள்ளிப்போகும். தொடை உரசும் இடத்திலும் அதையே தடவலாம், ஈரத்துணியோடு ஐந்து கிலோமீட்டர் நடந்தவருக்கு இதன் அருமை புரியும். ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த சாக்ஸ். இதைச் செய்யாமல் விட்டால் மூன்றாம் நாள் சேற்றுப்புண். ஈர உள்ளாடையோடு உட்கார்ந்தே இருந்தால் வீடு திரும்பியபின் படர்தாமரை.

காலில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் பிளாஸ்திரி போட்டு மூடிவிட்டுத்தான் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாகப் போய்த்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அட்டைக்கு, முழங்கால் வரை வருகிற நெருக்கமான நெசவுத் துணி சாக்ஸ் தனியாக விற்கிறார்கள், ஜோடி 100 கிராம். சாதாரணப் பின்னல் சாக்ஸின் கண்ணில் அட்டை நூலாக நுழைந்துவிடும். மூக்குப்பொடி, உப்பு என்று காலில் பூசிக்கொண்டு போவார்கள், மழை இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும். கல்லுப்பைத் துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டி வைத்துக்கொண்டால், ஷூ மேல் ஏறுகிற அட்டையை அதால் தொட்டே விழவைக்கலாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையை உப்போ நெருப்போ வைத்து எடுக்காதீர்கள், அது உள்ளே போனதைப் புண்ணிலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தோலோடு சேர்த்து நகர்த்தினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே. ரத்தம் சீக்கிரம் நிற்காது. அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டால் போதும்.

அறையில் காயவைப்பது

அறைக்குள் நுழைந்ததும் முதல் அரைமணி நேரம் இதற்குத்தான். சட்டையைச் சோப்பு போட்டு அலசிக் கையால் பிழியுங்கள். ஈரிழைத் துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் சட்டையைச் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் ஏறி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மிதித்துக்கொண்டே போங்கள். பிரித்தால் துண்டு கனத்திருக்கும், சட்டையில் சொட்டுகிற ஈரம் இருக்காது. துண்டைப் பிழிந்துவிட்டு அடுத்த உருப்படி. இப்படிச் செய்த பாலியஸ்டர் சட்டை மின்விசிறிக்கு அடியில் நாலைந்து மணி நேரத்தில் காயும்.

பால்கனியில் போடாதீர்கள், அங்கே காற்றும் ஈரம்தான். நைலான் கயிற்றை இரண்டாக மடித்து முறுக்கி, ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டிக்குக் கட்டுங்கள். முறுக்குக்கு நடுவே துணி நுனியைச் செருகினால் கிளிப்பே வேண்டாம். துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்காவிட்டால் துணியிலிருந்து கிளம்பும் ஈரம் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழையில் மலைப்பக்கம் கரண்ட் போவது சகஜம், போய்விட்டால் மின்விசிறியும் இல்லை. ஆகவே மாலையில் சீக்கிரம் துவைத்துவிடுவது நல்லது.

போன், பணம், மாத்திரை

போனை ஜிப் லாக் கவரில் போட்டு அதன் மேலேயே தொட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் கவர் மேல் துளி விழுந்தால் திரை தானாகவே எதையாவது அழுத்தும். அதனால் தங்கும் இடத்தின் பெயர், தொலைபேசி எண், பஸ் நேரம் மூன்றையும் ஒரு தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் பேனா மை தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடும். சார்ஜ் துளை நனைந்திருந்தால் துளை கீழ்நோக்க உள்ளங்கையில் தட்டிவிட்டு, மின்விசிறிக் காற்றில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். அரிசி டப்பாவில் புதைத்தால் ஈரம் போகாது, தவிட்டுத் தூள்தான் துளைக்குள் போகும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும், 220 கிராம். விமானத்தில் போவதாக இருந்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சிக்னல் போனால் யுபிஐ போகும். 50, 100 ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் ரூபாயை ஆதார் அட்டையோடு சேர்த்துச் சின்ன ஜிப் லாக் கவரில் போட்டு, சட்டைப் பாக்கெட்டில் வைக்காமல் இடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டைகளை நறுக்கித் தேவையானது மட்டும். நறுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் உள்ள ஓரம் தப்ப வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வளைவுகளில் வாந்தி வருபவர்களுக்கு அதற்கான மாத்திரை, நாப்கின் எல்லாம் நனையக் கூடாத வகை.

மண் சரிந்து பாதை அடைத்தால் பஸ் மணிக்கணக்கில் நிற்கும். 200 கிராம் பேரீச்சை வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும் மிக்சரும் பிரித்த ஒரு மணி நேரத்தில் நமத்துப் போகும்.

தராசில் வைத்தால்

பை 800 கிராம், உள்ளுறை 100, குடையும் போஞ்சோவும் 650, துணி எல்லாம் சேர்த்து 1,400, துண்டு 150, ஹவாய் 300, சோப்பு மருந்து 400, பவர் பேங்க் சார்ஜர் 340, தலையில் மாட்டும் டார்ச் 80, அட்டை சாக்ஸ் கயிறு கவர் பேப்பர் 280, காலி எஃகு பாட்டில் 300. கூட்டினால் 4 கிலோ 800 கிராம், பேரீச்சையோடு சரியாக ஐந்து. உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு அனுமதிக்கும் 7 கிலோவிலும் இடம் மிச்சம். அந்த இடத்தைப் பார்த்ததும் இன்னொரு சட்டை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

கிளம்பும் நாள் காலையில் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. செய்தியில் 12 செ.மீ. என்று சொன்னால் அது 120 மி.மீ., காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளின் அளவு. மஞ்சள் எச்சரிக்கைக்கு இந்தப் பை போதும். ஆரஞ்சு என்றால் காட்டுப் பாதையை விட்டுவிட்டு ஊருக்குள் இருங்கள். சிவப்பு என்றால் எந்தப் பையும் உதவாது, டிக்கெட்டை மாற்றுங்கள். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் மலை ரயிலே ஓடாது.

வீடு திரும்பியதும் பையை அப்படியே மூலையில் சாத்தாமல் அன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள். உள்ளுறையை உள்புறம் வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். குடையை விரித்து நிழலில் வைத்தால் கம்பி துருப்பிடிக்காது. போஞ்சோவை ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த ஜூனில் பிரிக்கும்போது உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உரியும். நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகு, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டிவிடுங்கள்.